பழைய பெயருக்கு வரும் மெயில்

பிப்ரவரி 9

கணினிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

இப்படித் தொடங்கி மூன்று கோரிக்கைகள் அனுப்பிவிட்டேன். மூன்றையும் "கூடுதல் விவரம் தேவை" என்று மூடித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த பிறகு என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாத விவரம் என்ன பாக்கி இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். அலுவலக மெயிலில் எழுதினால் உங்கள் பிரிவில் நாலு பேர் படிப்பார்கள். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே பழைய கதைக்குப் போய்விடுவோம்.

நான் கேட்பது ஒன்றுதான். கம்பெனி டைரக்டரியில் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று உங்கள் சிஸ்டம் சொல்லும், தெரியும். என் அம்மாவின் பெயரைப் போடுங்கள். முதலில் அப்பா பெயர் என்றுதான் நினைத்தேன். மகள் சிரித்தாள். "ஏம்மா, ஒரு ஆம்பளை பேரை எடுத்துட்டு இன்னொரு ஆம்பளை பேரா? இதுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்றாள்.

கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வங்கியில் மாற்றியாயிற்று. அடையாள அட்டையில், டாக்டரிடம் இருக்கும் ஃபைலில், வாசல் அழைப்பு மணிக்குக் கீழே இருக்கும் சீட்டில்கூட மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது நான் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் இடம்தான்.

மார்ச் கடைசியில் என்னை மண்டல சர்வீஸ் தலைவராக அறிவிக்கப் போகிறார்கள். உங்களுக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்து லிஃப்டுகள் எல்லாம் என் பொறுப்பு. டைரக்டரியில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் அறிவிப்பில் வரும், அறைக் கதவில் வரும், கழுத்தில் தொங்கும் அட்டையில் வரும். கிரீஸும் தூசியும் படிந்த மோட்டார் அறைகளில் ஏறி இறங்கி நான் சம்பாதித்த பதவி இது. இன்னொருவர் பெயரையும் தூக்கிக்கொண்டு அது வரக் கூடாது. அறிவிப்புக்கு முன்னால் மாற்றிக் கொடுங்கள்.

இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்துவிட்டேன். ஒரு தடவை பால் பொங்குகிறதா என்று பார்க்க. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

கீழே பெயர் போட வேண்டிய இடத்தை வெறுமையாக விடுகிறேன். எதைப் போட்டாலும் சண்டை.

*

பிப்ரவரி 16

உன் கடிதம் கிடைத்தது. "அவர்களுக்கு" எல்லாம் வேண்டாம். அப்படிக் கூப்பிட்டால் யாரோ புகார் எழுதியிருப்பதாகப் பயந்துவிடுகிறேன்.

நான் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக நினைக்கிறாய். பெயரை மாற்றுவது கதவில் சீட்டு மாற்றுகிற மாதிரி இல்லை. டைரக்டரி என்றால் எல்லோரும் போன் புத்தகம் என்று நினைக்கிறார்கள். கம்பெனியில் யார் யார், யாருக்கு எந்தக் கதவு திறக்கும், யார் எந்த வரைபடத்தைப் பார்க்கலாம், விபத்து என்றால் யாரை எழுப்புவது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. காலையில் நீ பாஸ்வேர்டு போடுகிறாய். அதற்கப்புறம் மெயில், வருகைப் பதிவு, ஸ்டோர், மோட்டார் வரைபடம், ஒவ்வொன்றும் டைரக்டரியிடம் வந்து, "இந்தம்மாவை உள்ளே விடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உன்னை விடுகிறது.

அப்படிக் கேட்கிற இடங்கள் எத்தனை என்று எனக்கே முழுசாகத் தெரியாது. நான் வருவதற்கு முன்னால் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராம்கள் இருக்கின்றன. ஒன்றில் மாற்றி இன்னொன்றில் உதைத்தால், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொள்ளும்போது உனக்குச் செய்தி வராது. அந்தப் பழி யார் தலையில் விழும்? சோதித்துப் பார்க்க வேண்டும். அவகாசம் கொடு.

மகள் போன வாரம் வந்திருந்தாள். உனக்கு இருமல் விடவில்லை என்றாள். நீ வேறு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்கூட வேலை பார்க்கிறாய். உடம்பு என்ன இரும்பா? பார்த்துக்கொள்.

அம்மா பெயர் நல்ல யோசனை. அவருக்கு என்னைப் பிடிக்கும் என்பதையும் மறந்துவிடாதே.

*

பிப்ரவரி 24

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜை மேல் குப்புறப் போட்டு வைத்திருந்தேன். திருப்பினால் கோபம் வருகிறது. திருப்பாமல் இருந்தால் அதைவிட அதிகமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான் வேலை பார்த்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மகளுக்குத் தெரியாது, அவள் விடுதியில் இருக்கிறாள். கிளையில் ஒருவருக்கும் தெரியாது. நான் வீட்டில், இந்த நாற்காலியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து லாகின் செய்தேன். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். அது எனக்கும் அந்தத் திரைக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அந்தத் திரைக்குப் பின்னால் நீங்கள் இருப்பது மறந்துபோயிற்று.

கதவைச் சாத்திக்கொண்டு ஊர் மாறி வந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து நான் எப்போது எழுந்தேன், எப்போது படுத்தேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லை. நம் கல்யாணமும் இப்படித்தானே இருந்தது?

நான் பழைய கதைக்குப் போக மாட்டேன் என்று சொன்னேன். போகிறேன்.

தலைமை அலுவலகத்தில் என் பிரிவை மூடினார்களே, அன்றைக்குக் காலையில் என் டப்பாவில் சாப்பாடு கட்டினது நீங்கள். "இன்னிக்கு நல்லா சாப்பிடு" என்றீர்கள். என்ன திடீரென்று கரிசனம் என்று கேலி செய்தேன். மதியம் எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னார்கள். நாங்கள் இருக்கைக்குத் திரும்பி வருவதற்குள் பாதிப் பேருக்குக் கணினி திறக்கவில்லை; மிச்சம் இருந்த எங்களுக்குக் கிளைகளுக்கு மாற்றல். பக்கத்து இருக்கைக்காரி, "உன் வீட்டுக்காரர்தானே மூடியிருப்பாரு? உனக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றாள். தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு மாதமாக உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். தேவைக்கு மேல் யாருக்கும் எதையும் திறந்துவிடாதே என்பது உங்கள் தொழிலில் முதல் விதி என்று பெருமையாகச் சொல்வீர்கள். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்து மாட்டிவிட்டீர்கள். எனக்கு எது தேவை என்பதையும் நீங்களே முடிவு செய்தீர்கள்.

பெயரை மாற்றுங்கள். சோதனை, அவகாசம் என்று கதை விடாதீர்கள்.

*

மார்ச் 6

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், பார்த்தேன்.

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பது என் வேலை என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மற்றவர்களுடையதைப் பார்ப்பது வேலை. உன்னுடையதைப் பார்ப்பது வேலை இல்லை. மெயிலைத் திறந்ததில்லை, ஃபைலைத் திறந்ததில்லை. கடைசியாக எப்போது வந்தாய் என்று காட்டும் ஒரே ஒரு வரி. தெருவில் நின்று மேல்மாடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. அப்படிப் பார்க்கிறவனைத் தெருவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கூடத்து விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சும்மா இருந்திருப்பாயா? பக்கத்து இருக்கைக்காரிக்கு மூன்று குழந்தைகள். அவளிடம் சொல்லாமல் உன்னால் ஒரு டீ குடித்திருக்க முடியாது. சாயங்காலத்துக்குள் கட்டிடம் முழுக்கத் தெரிந்திருக்கும். வாயைத் திறக்கிறவன் கையில் சாவி கொடுக்க மாட்டார்கள். உனக்குத் துரோகம் செய்தேன் என்று நீ சொல்கிறாய். என்னை நம்பிச் சாவி கொடுத்த இடத்துக்குத் துரோகம் செய்யவில்லை என்று நான் சொல்கிறேன். இதற்குத் தீர்ப்பு கோர்ட்டிலேயே கிடைக்கவில்லை.

ஆனால் சாப்பாட்டு டப்பா விஷயம் உண்மை. வேறு எதுவும் சொல்ல முடியாததால் பொரியல் கொஞ்சம் அதிகமாக வைத்தேன்.

சோதனை கதை இல்லை. ஒரு விஷயம் சொல்கிறேன் கேள். டைரக்டரியில் உன் பெயர் என்பது வெறும் சட்டைதான். அதற்கு உள்ளே உனக்கு ஒரு எண் இருக்கிறது. சேர்ந்த அன்றைக்கு சிஸ்டமே போட்டது. யாரும் பார்ப்பதில்லை, யாராலும் மாற்ற முடியாது. ஒழுங்கான புரோகிராம் எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் அவற்றுக்கு நீ நீதான். ஆனால் உங்கள் அவசர அழைப்புப் பட்டியலை எழுதியவர் சோம்பேறி, பெயரையே எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார். பெயர் மாறினால் அதற்கு உன்னைத் தெரியாது. அதைச் சரி செய்துகொண்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவேன்.

இருமலுக்கு டாக்டரிடம் போனாயா? சொல்ல வேண்டியதில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

*

ஏப்ரல் 2

அறிவிப்பு வந்துவிட்டது. உங்கள் பெயரோடு.

மார்ச் முப்பதாம் தேதி காலையில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. நான் படிக்கும் முன்பே கைதட்டிவிட்டார்கள். சீனியர் மெக்கானிக் வந்து கை கொடுத்தார். நல்ல மனுஷர், இந்தக் கிளைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வலது கை. "சந்தோஷம் மேடம்! சாருக்கும் சொல்லிடுங்க, அவர் பேரையும் காப்பாத்திட்டீங்க" என்றார். நான் சிரித்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அதே கதவில் பெயர்ப்பலகை மாட்ட ஆள் வந்துவிட்டான். வெளியே அவன் துளை போடுகிறான், உள்ளே நான் நிற்கிறேன். சுவர் அதிர்கிறது. ஒவ்வொரு திருகாணியும் இறங்குவது காதில் விழுகிறது. கதவைத் திறந்து நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் கிளை முழுக்க என் கதை.

மாதக் கடைசி என்று நீங்கள் எழுதினீர்கள், நான் நம்பினேன். என் மேல் எனக்கு வருகிற கோபம் அதற்குத்தான்.

இனி பெயரை மாற்ற வேண்டாம். அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். எனக்குப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். நீங்கள் சொன்னீர்களே, உள்ளே இருக்கும் எண், அதுவும் புதிதாக இருக்கட்டும். பழையது எதுவும் எனக்கு வேண்டாம். ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குள் நடக்கவில்லை என்றால் நிர்வாகத்துக்கு எழுதுவேன். பெயர் மாற்றத்தை ஏன் நிறுத்தி வைத்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை ஏன் பார்த்தீர்கள், இரண்டையும் எழுதுவேன். உங்கள் கைப்பட எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு வாசல் வரை நடந்து வந்தேன். திரும்பி வந்து படித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

*

ஏப்ரல் 8

நிர்வாகத்துக்கு எழுது. எழுத வேண்டாம் என்று கெஞ்சுவதற்காக இதை எழுதவில்லை.

முதலில் ஒன்று. புதுக் கணக்கு மட்டும் கேட்காதே. நீ அந்தக் கிளைக்கு இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவள் ஆகிவிடுவாய். எந்தக் கதவும் திறக்காது. இருபது வருஷ மெயில் இருக்காது. நீ கையெழுத்துப் போட்ட சோதனை அறிக்கை ஒவ்வொன்றிலும் "யாரென்று தெரியவில்லை" என்று ஒரு எண் மட்டும் நிற்கும். என் மேல் இருக்கிற கோபத்தில் உன் இருபது வருஷத்தைத் தூக்கிப் போடாதே. அது என்னுடையது இல்லை. நீ சம்பாதித்தது. நீயே சொன்னாய்.

அவசரப் பட்டியலை மார்ச் பத்தாம் தேதிக்குள் சரி செய்துவிட்டேன். அதற்கப்புறம் பாக்கி இருந்தது நாலு நிமிஷ வேலை. தினமும் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உன் பக்கத்தைத் திறப்பேன். இரண்டாவது கட்டத்தில் என் பெயரை அழிப்பேன். சேமிக்காமல் மூடுவேன். மாதக் கடைசி என்றுதான் எனக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பணியாளர் பிரிவு அறிவிப்பை ஒரு நாள் முன்னால் அனுப்பிவிட்டது. தப்பு அவர்கள் பேரில் என்று சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலையில் மாற்றிவிட்டேன். உன் பெயர், உன் அம்மா பெயர். அறிவிப்பைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "சிஸ்டம் பிழையா சார்?" என்று கேட்டார்கள். இல்லை, என் பிழை என்றேன். நம்பவில்லை, ஏதோ ஜோக் என்று சிரித்தார்கள்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். உங்கள் கிளைக் கணக்குகளின் பொறுப்பு முழுவதையும் உங்கள் கிளையிலேயே இருக்கும் கணினிப் பெண்ணுக்கு மாற்றிவிட்டேன். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமை அலுவலகத்தில் யார் உன் பக்கத்தைத் திறந்தாலும், நானே திறந்தாலும், உனக்கும் அவளுக்கும் உடனே செய்தி வரும். விட்டுக்கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் தனியாக முடியாது. மேலிடத்தில் இருவர் கையெழுத்து வேண்டும். அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். பழைய பெயரில் உள்ள மெயில் முகவரியை எடுக்காமல் விட்டிருக்கிறேன். அதற்கு வருகிற மெயிலும் உன் பெட்டிக்குத்தான் வரும். நீ எழுதுவது மட்டும் புதுப் பெயரில் போகும். வழக்கமாக எல்லோருக்கும் இப்படித்தான் செய்வோம். ஆசையில் விடவில்லை. சரி, ஆசையும் உண்டு. எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல். என்னால் இனி எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது.

*

ஏப்ரல் 27

நிர்வாகத்துக்கு எழுதவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். எழுதி உறையில் போட்டு, மேஜைக்கும் கைப்பைக்குமாக ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு கிழித்தேன்.

பெயர் மாறிவிட்டது. முதல் நாள் திரையில் பார்த்தபோது யாரோ புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அம்மாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "என் பேரை எதுக்குடி ஆபீஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போனே?" என்று திட்டினாள். பிறகு மூன்று பேருக்கு அதை அனுப்பியிருக்கிறாள். திருத்தின அறிவிப்பைப் பார்த்துவிட்டு மெக்கானிக் வந்து வாசலிலேயே நின்றார். "மேடம், அன்னிக்குத் தெரியாம உளறிட்டேன்" என்றார். பழைய பலகையை அவரே கழற்றினார். கதவில் நாலு துளை இருக்கிறது. புதுப் பலகை அதை மூடிவிடும்.

பழைய முகவரியையும் எடுத்துவிடத்தான் நினைத்தேன். போன சனிக்கிழமை மதியம் கணினிப் பெண்ணைக் கூப்பிட்டேன். "எடுத்துடும்மா" என்றேன்.

"இப்பவேவா மேடம்? பழைய ஆளுங்க யாராவது எழுதினா?"

"எழுத மாட்டாங்க. எடு."

"அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பெட்டியைப் பாத்துக்கோங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் திறந்தேன். பழைய பெயருக்கு ஒரு மெயில் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒரே வரி. "யாராவது இருக்கீங்களா? பல் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டிடம். சனிக்கிழமை மதியம் என்பதால் எல்லோரும் போய்விட்டார்கள். உள்ளே இருந்தது சுத்தம் செய்ய வந்த பெண். மணி அடித்திருக்கிறாள், கேட்க ஆள் இல்லை. போனில் சிக்னல் இல்லை, ஆஸ்பத்திரியின் வைஃபை மட்டும் கிடைத்திருக்கிறது. லிஃப்டுச் சுவரில் எங்கள் ஸ்டிக்கர். நான் இந்தக் கிளைக்கு வந்த புதிதில் அடித்தது. அவசர எண்ணுக்குக் கீழே பொது முகவரியைப் போடச் சொன்னார்கள். பொது முகவரியை யாரும் பார்ப்பதில்லை, என்னுடையதையே போடுங்கள் என்று அடம்பிடித்தேன். என் பெயர், உங்கள் பெயர். இந்தப் பக்கத்து லிஃப்டுகள் எல்லாவற்றிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. எனக்கு அது ஒரு நிமிஷம்கூட ஞாபகம் வரவில்லை பாருங்கள். உங்கள் பெயரை எங்கிருந்தெல்லாம் அழிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அதை ஊரெல்லாம் ஒட்டி வைத்தது தானேதான் என்பது மறந்துபோயிற்று.

மெக்கானிக்கை உடனே அங்கே அனுப்பிவிட்டு அவளுக்கு எழுதினேன். "இருக்கிறேன். ஆள் கிளம்பிவிட்டார். கதவைத் தள்ளாதீர்கள், கீழே உட்காருங்கள்."

உடனே பதில் வந்தது. "நான் எழுதினது வேற ஒருத்தருக்கு. நீங்க யாரு?"

பாவம், உயிர் போகிற பயத்திலும் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். உங்கள் டைரக்டரி மாதிரி. கணினிப் பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். பயப்படாதீங்க" என்று எழுதினேன்.

மெக்கானிக் போய் அவளை இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தேன். குழந்தைகள் எத்தனை, வீடு எந்தப் பக்கம், மதியம் சாப்பிட்டீர்களா என்று. அவளும் சளைக்காமல் பதில் போட்டாள். வெளியே வந்ததும் அவள் அனுப்பிய கடைசி மெயிலும் பழைய முகவரிக்குத்தான் வந்தது. ஸ்டிக்கரைப் பார்த்து முதலில் அடித்த முகவரியையே அவள் போன் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது.

ஸ்டிக்கர்களை மாற்றச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை பொது முகவரியோடு. அதை தினமும் பார்க்க இரண்டு பேரைப் போட்டிருக்கிறேன். எல்லா லிஃப்டிலும் மாற்றி முடிக்க இந்த வருஷம் போய்விடும். எல்லாம் மாற்றின பிறகும் பழைய முகவரியை எடுக்கச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயரில் யாராவது என்னைக் கூப்பிட்டால் வந்து சேரட்டும். பதில் மட்டும் என் பெயரில்தான் போகும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கூடத்து விஷயத்தில் நானும் இறங்கி வரமாட்டேன். பொரியலை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

இருமல் நின்றுவிட்டது. டாக்டரிடம் போனேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கணினியைத் திறக்கவே இல்லை. வெயில் முகத்தில் விழும் வரை தூங்கினேன். இனி உங்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.